கீமோ வேண்டுமா என்பதை எந்தச் சோதனையிடம் கேட்பது? மார்பகப் புற்றுநோய்க்கான மரபணு வெளிப்பாட்டுச் சோதனைகள்: ஓர் ஒப்பீடு

அறுவை சிகிச்சை முடிந்து, கட்டி முழுமையாக அகற்றப்பட்டு, பேத்தாலஜி அறிக்கையும் கைக்கு வந்துவிட்ட பிறகு, ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்ணும் அவருடைய மருத்துவரும் சேர்ந்து ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகள் சாப்பிட வேண்டிய ஹார்மோன் மாத்திரையே போதுமா, அதற்கு முன் கீமோதெரபியும் தேவையா என்பதே அந்த முடிவு. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பாசிட்டிவ் (ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பற்றும் புரதம் கட்டியில் உண்டு), ஹெர்2 நெகட்டிவ் (வளர்ச்சியைத் தூண்டும் ஹெர்2 புரதம் மிகுதியாக இல்லை) என்று அறிக்கையில் வரும் புற்றுநோயில்தான் இந்தக் கேள்வி இவ்வளவு கடினமாகிறது. மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பான்மையும் இந்த வகைதான். ஹெர்2 பாசிட்டிவ் என்றாலோ டிரிப்பிள் நெகட்டிவ் (ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஏற்பிகள், ஹெர்2 மூன்றும் நெகட்டிவ்) என்றாலோ, மிகச் சிறிய கட்டிகளைத் தவிர மற்றவற்றுக்குக் கீமோ உண்டு என்பது பெரும்பாலும் முடிவான விஷயம். அக்குளில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட நிணநீர்க் கணுக்களில் நோய் பரவியிருந்தாலும் வழக்கமாகக் கீமோவே பரிந்துரைக்கப்படுகிறது. எனவே கணுக்களில் பரவல் இல்லாத, அல்லது ஒன்று முதல் மூன்று கணுக்கள் வரை மட்டுமே பரவியுள்ள, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பாசிட்டிவ் நோயாளிகளைப் பற்றியதே இந்த ஒப்பீடு.

இவர்கள், ஸ்லைடில் சாயம் ஏற்றிப் புரதங்களைப் பார்க்கும் வழக்கமான ஐ.எச்.சி. சோதனையோடு நின்றுகொள்ளலாம்; ஆன்கோடைப் டிஎக்ஸ், மம்மாபிரிண்ட், ப்ரோசிக்னா, எண்டோபிரெடிக்ட் ஆகிய மரபணு வெளிப்பாட்டுச் சோதனைகளுள் ஒன்றைச் செய்துகொள்ளலாம்; அல்லது பெங்களூரில் உருவான, புரதங்களை அளக்கும் கேன்அசிஸ்ட் ப்ரெஸ்ட் சோதனையை நாடலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவை யாவும் ஒரே வேலையைச் செய்பவைபோலத் தோன்றும். உண்மையில் ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்கு, வெவ்வேறு வயதுப் பெண்களை வைத்து, வெவ்வேறு அளவு உறுதியோடு பதில் சொல்கிறது. ஒரு சோதனை எத்தனை மரபணுக்களை அளக்கிறது என்று பார்ப்பதைவிட, அது யாரிடம், எந்தக் கேள்விக்காகச் சரிபார்க்கப்பட்டது என்று பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வகையை அறிவதும் சிகிச்சையை முடிவு செய்வதும்

நம் உடலின் உயிரணுக்கள் எல்லாவற்றிலும் இருக்கும் டி.என்.ஏ. ஏறக்குறைய ஒன்றுதான். எந்த மரபணு எவ்வளவு மும்முரமாக ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது என்பதில்தான் தோல் உயிரணுவும் இரத்த உயிரணுவும் வேறுபடுகின்றன; புற்றுநோய்களும் அப்படியே வேறுபடுகின்றன. அந்தப் படியெடுப்பின் அளவுகளை ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான மரபணுக்களுக்கு அளக்க முடிந்தபோது, புற்றுநோயை வகைப்படுத்த ஒரு புதிய வழி திறந்தது. 1999இல் டாட் கோலப், எரிக் லாண்டர் ஆகியோரின் குழு லுகேமியா என்னும் இரத்தப் புற்றுநோய் உள்ள 38 நோயாளிகளின் எலும்பு மஜ்ஜை மாதிரிகளில் 6,817 மரபணுக்களை அளந்து, அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த 50 மரபணுக்களைக் கொண்டே அது லிம்ஃபோபிளாஸ்டிக் வகையா, மயலாய்டு வகையா என்று பிரித்துக் காட்டியது. அடுத்த ஆண்டே ஸ்டான்ஃபோர்டில் சார்லஸ் பெரோவும் சகாக்களும் 42 பெண்களின் மார்பகத் திசு மாதிரிகளில் இதே முறையைக் கையாண்டார்கள். லூமினல் ஏ (ஹார்மோன் ஏற்பி உள்ள, மெதுவாகப் பெருகும் வகை), லூமினல் பி (ஹார்மோன் ஏற்பி உள்ள, வேகமாகப் பெருகும் வகை), ஹெர்2 மிகுந்த வகை, பேசல் போன்ற வகை என்று இன்று புற்றுநோய் மருத்துவர்கள் நாள்தோறும் சொல்லும் பிரிவுகள் அந்த வழியில் வந்தவை.

இந்தப் பிரிவுகள் அறிவியலுக்குப் பெரிய வெளிச்சம் தந்தன. ஆனால் வகையின் பெயர் தெரிந்துவிட்டால் சிகிச்சை தெரிந்துவிடும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கீமோ பற்றிய முடிவுக்கு இரண்டு தனித்தனிப் பதில்கள் வேண்டும். ஹார்மோன் மாத்திரை மட்டும் சாப்பிட்டால் நோய் வேறு உறுப்பில் திரும்ப வரும் வாய்ப்பு எவ்வளவு என்பது முதலாவது. கீமோவும் கொடுத்தால் அந்த வாய்ப்பு எவ்வளவு குறையும் என்பது இரண்டாவது. முதல் கேள்விக்குப் பதில் சொல்லும் சோதனைகள் பல உண்டு. இரண்டாவது கேள்விக்கு, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கீமோ கொடுத்து, மற்றதற்குக் கொடுக்காமல், ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பதில் கண்ட சோதனைகள் மிகச் சில. கீழே வரும் ஒப்பீடு முழுவதிலும் இந்த வேறுபாட்டையே அளவுகோலாகக் கொள்கிறேன்.

ஐ.எச்.சி. மட்டும் போதுமா?

ஒரு மாதிரி அறிக்கையை எடுத்துக்கொள்வோம். வயது 54, மாதவிடாய் நின்றுவிட்டது. கட்டி 1.8 செ.மீ., கிரேடு (உயிரணுக்கள் இயல்பிலிருந்து எவ்வளவு மாறியுள்ளன என்பதற்கான 1 முதல் 3 வரையான தரம்) 2. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி 95 சதவீதம், புரோஜெஸ்டிரோன் ஏற்பி 60 சதவீதம், ஹெர்2 1+ (அதாவது நெகட்டிவ்), கேஐ-67 18 சதவீதம். எடுத்த மூன்று கணுக்களிலும் பரவல் இல்லை. தமிழ்நாட்டின் எந்தப் புற்றுநோய் மருத்துவமனையிலும் அன்றாடம் வரக்கூடிய அறிக்கை இது. இதில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியும் ஹெர்2வும் பெரும்பாலும் நம்பத்தக்கவை. சிக்கல் கேஐ-67இல்தான் இருக்கிறது.

கேஐ-67 என்பது பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும் உயிரணுக்களில் மட்டும் காணப்படும் புரதம். ஸ்லைடில் சாயம் ஏற்றியதும் அந்த உயிரணுக்களின் உட்கருக்கள் பழுப்பாகத் தெரியும். நூற்றுக்கு எத்தனை பழுப்பு என்று பேத்தாலஜிஸ்ட் எண்ணுகிறார். கட்டியின் ஓரத்தில் பெருக்கம் மிகுந்த ஒரு பகுதி இருந்தால் அதை மட்டும் எண்ணுவதா, கட்டி முழுவதற்கும் சராசரி எடுப்பதா என்பதைப் பொறுத்தே எண் மாறிவிடும். இலேசான பழுப்பைச் சேர்ப்பதா, விடுவதா என்பதும் பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்தது. 2013இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், ஒரே 100 புற்றுநோய் மாதிரிகளை எட்டு ஆய்வகங்கள் தங்கள் தங்கள் முறையில் சாயமேற்றி எண்ணியபோது, ஆய்வகங்களின் சராசரி 6.1 சதவீதத்திலிருந்து 30.1 சதவீதம் வரை வேறுபட்டது. லூமினல் ஏ, லூமினல் பி என்று ஐ.எச்.சி.யை வைத்துப் பிரிக்கும் எல்லைக்கோடு 14 அல்லது 20 சதவீதத்தில் போடப்படுகிறது என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால், மேலே சொன்ன பெண்ணின் 18 எவ்வளவு உறுதியற்ற எண் என்பது விளங்கும். கேஐ-67 பற்றிய பன்னாட்டு வல்லுநர் குழு 2021இல், 5 சதவீதமும் அதற்குக் கீழும், 30 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள முடிவுகளையே சிகிச்சை முடிவுக்கு நம்பலாம் என்று சொன்னது. நடுவில் விழுபவை அந்த நம்பிக்கைக்குள் வரவில்லை.

இதற்காக ஐ.எச்.சி.யை ஒதுக்கிவிடக் கூடாது. கவனமாகச் செய்தால் அது இன்னொரு சோதனையே தேவையில்லை என்று சொல்லும் அளவுக்குப் பயன்படும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் உருவான மகீ சமன்பாடுகள் இதற்கு நல்ல சான்று. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஏற்பிகளின் அளவு, ஹெர்2, கேஐ-67, கிரேடு, கட்டியின் அளவு ஆகியவற்றை உள்ளிட்டால், ஆன்கோடைப் சோதனை செய்தால் எந்த மதிப்பெண் வரக்கூடும் என்று அவை மதிப்பிட்டுத் தருகின்றன. கட்டணம் எதுவும் இல்லை. சராசரி மகீ மதிப்பு 18க்குக் கீழ் இருந்தால் ஆன்கோடைப் அனுப்பத் தேவையில்லை என்றும், 31 அல்லது அதற்கு மேல் இருந்தாலும் அப்படியே என்றும், 18 முதல் 25 வரை இருந்து, கிரேடைக் கணக்கிடும்போது தரப்படும் உயிரணுப் பிரிவு மதிப்பெண் 1ஆக இருந்தால் அப்போதும் தேவையில்லை என்றும் அந்தக் குழு வழிமுறை வகுத்திருக்கிறது. கேம்பிரிட்ஜில் உருவாகி, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பிரெடிக்ட் கணிப்பானும் இதுபோல உதவும். பணம் இறுக்கமாக உள்ள குடும்பம் லட்ச ரூபாய்க் கணக்கில் கட்டணம் கட்டும் முன் இந்த இரண்டையும் மருத்துவரோடு உட்கார்ந்து பார்த்துவிடுவது நல்லது.

ஐ.எச்.சி.யின் தரம் திசு எப்படிக் கையாளப்பட்டது என்பதில் தொடங்குகிறது. கட்டி வெளியே எடுக்கப்பட்ட ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் இடப்பட வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்தைத் தாண்டாமலும் அதில் இருக்க வேண்டும் என்பது பன்னாட்டு வழிகாட்டுதல். வெள்ளிக்கிழமை மாலை எடுத்த கட்டி திங்கள் காலை வரை வெட்டப்படாமல் முழுதாக ஃபார்மலினில் மிதந்தால், உள்பகுதிக்கு மருந்து சரியாக ஏறாமல் ஏற்பிகள் குறைவாகத் தெரியலாம். திசுவைப் பாரஃபின் மெழுகில் பதித்துச் செய்யும் அதே பிளாக்கிலிருந்துதான் பின்னர் ஆர்.என்.ஏ.வும் எடுக்கப்படும் என்பதால், இங்கே நேரும் குறை எல்லாச் சோதனைகளையும் தொடரும்.

ஆன்கோடைப் டிஎக்ஸ்: குலுக்கல் ஆய்வின் பலம்

ஆன்கோடைப் 21 மரபணுக்களை அளக்கிறது. அவற்றில் ஐந்து ஒப்பீட்டுக்கானவை. மீதி 16 புற்றுநோய் தொடர்பானவை. பாரஃபின் பிளாக்கிலிருந்து எடுத்த ஆர்.என்.ஏ.வை ஆர்.டி. பி.சி.ஆர். முறையில் (படியெடுத்துப் பெருக்கி) அளந்து, 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண்ணாகத் தருகிறார்கள். உயிரணுப் பெருக்கத்தோடு தொடர்புடைய ஐந்து மரபணுக்களுக்கே அந்தச் சூத்திரத்தில் அதிக எடை. ஈஸ்ட்ரோஜன் தொடர்பான மரபணுக்கள் மதிப்பெண்ணைக் குறைக்கும் திசையில் வேலை செய்கின்றன. 2004இல் வெளியான முதல் பெரிய ஆய்வு, டமாக்சிஃபென் என்ற ஹார்மோன் மாத்திரை மட்டும் எடுத்துக்கொண்ட, கணுக்களில் பரவல் இல்லாத 668 பெண்களின் பழைய பிளாக்குகளில் செய்யப்பட்டது. பத்தாண்டுகளில் நோய் வேறு உறுப்பில் திரும்பியது, குறைந்த மதிப்பெண் பிரிவில் 6.8 சதவீதம், நடுப் பிரிவில் 14.3, உயர் பிரிவில் 30.5. இது முதல் கேள்விக்கான பதில்.

இரண்டாவது கேள்விக்கான பதிலே ஆன்கோடைப்பின் தனிச் சிறப்பு. 2018இல் வெளியான டெய்லர்எக்ஸ் ஆய்வில், கணுக்களில் பரவல் இல்லாத பெண்களில் மதிப்பெண் 11 முதல் 25 வரை வந்த 6,711 பேர் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டார்கள். ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, நோய் வேறு உறுப்பில் திரும்பாமல் இருந்தவர்கள் ஹார்மோன் மட்டும் எடுத்த குழுவில் 94.5 சதவீதம், கீமோவும் சேர்த்து எடுத்த குழுவில் 95.0 சதவீதம். உயிரோடு இருந்தவர்கள் 93.9, 93.8. பெரும்பாலான பெண்கள் கீமோவின் துன்பத்தை ஏற்று, அதற்கு ஈடாக எதையும் பெறவில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. 2021இல் வெளியான ஆர்எக்ஸ்பாண்டர் ஆய்வு இதே கேள்வியை, ஒன்று முதல் மூன்று கணுக்களில் பரவலும் 25 வரை மதிப்பெண்ணும் உள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் கேட்டது. மாதவிடாய் நின்றவர்களுக்குக் கீமோவால் பயன் இல்லை. மாதவிடாய் நிற்காதவர்களிலோ, ஐந்தாண்டுகளில் புற்றுநோய் திரும்பாமல் இருந்தவர்கள் ஹார்மோன் மட்டும் எடுத்தோரில் 89.0 சதவீதமாகவும், கீமோவும் எடுத்தோரில் 93.9 சதவீதமாகவும் இருந்தார்கள்.

டெய்லர்எக்ஸ் ஆய்விலும் இதே விரிசல் தெரிந்தது. 50 வயதும் அதற்குக் கீழும் உள்ள பெண்களில் மதிப்பெண் 16 முதல் 20 வரை இருந்தால் கீமோவால் வேறு உறுப்பில் நோய் திரும்புவது சுமார் 1.6 சதவீதப் புள்ளியும், 21 முதல் 25 வரை இருந்தால் சுமார் 6.5 சதவீதப் புள்ளியும் குறைந்தது. இந்தியாவில் மார்பகப் புற்றுநோய் மேலை நாடுகளைவிட ஏறத்தாழ பத்தாண்டு இளைய வயதில் கண்டறியப்படுகிறது. ஆகவே அங்கே சிறுபான்மையினருக்கான எச்சரிக்கையாக இருப்பது இங்கே பெரும் பகுதிப் பெண்களைத் தொடும் விஷயமாகிறது. '25க்குக் கீழே, ஆகவே கீமோ வேண்டாம்' என்று 42 வயதுப் பெண்ணிடம் சொல்லிவிடுவது இந்த ஆய்வுகளைத் தவறாகப் படிப்பதாகும்.

ஆன்கோடைப்பின் குறை அதன் விலையும் தொலைவும். பிளாக் அமெரிக்காவுக்குப் போக வேண்டும். முடிவு வர வாரங்கள் ஆகும். கட்டியின் அளவும் கணுக்களின் நிலையும் மதிப்பெண்ணுக்குள் சேர்வதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. மதிப்பெண்ணோடு கட்டியின் அளவு, கிரேடு, வயது ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிடும் ஆர்எஸ்கிளின் என்ற கருவி 2021 முதல் இருக்கிறது. கணுக்களில் பரவல் இல்லாதவர்களுக்கு மருத்துவர் அதையும் போட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்பது நியாயம்.

மம்மாபிரிண்ட்: தனக்கென்று ஒரு பெரிய ஆய்வு

நெதர்லாந்துப் புற்றுநோய் நிறுவனத்தில் லாரா வான்ட் வீர் குழுவினர் 2002இல் வெளியிட்ட 70 மரபணுக்களின் தொகுப்பே மம்மாபிரிண்ட். 2007இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அனுமதியைப் பெற்றது. ஆன்கோடைப்போல எண்ணாகத் தராமல், குறைந்த ஆபத்து, உயர்ந்த ஆபத்து என்று இரண்டாகப் பிரித்துச் சொல்வது இதன் இயல்பு. நடுநிலை மதிப்பெண்ணின் குழப்பம் இல்லை என்பது சிலருக்கு நிம்மதி. ஆனால் எல்லைக்கோட்டுக்கு ஒரு மயிரிழை இந்தப் பக்கம் விழுந்தவரும் வெகுதூரம் விழுந்தவரும் ஒரே சொல்லைப் பெறுவதால், முடிவை விளக்கும் மருத்துவரின் பொறுப்பு கூடுகிறது.

இதன் சான்று மிண்டாக்ட் ஆய்வு. 6,693 பெண்களில், கட்டியின் அளவு, கிரேடு, கணுக்கள் ஆகியவற்றின்படி உயர்ந்த ஆபத்து, மம்மாபிரிண்டின்படி குறைந்த ஆபத்து என்று முரண்பட்டவர்கள் 1,550 பேர். இவர்களில் கீமோ எடுக்காதவர்களில் ஐந்தாண்டுக்குப் பின் வேறு உறுப்பில் நோய் வராமல் உயிரோடு இருந்தவர்கள் 94.7 சதவீதம், கீமோ எடுத்தவர்களுக்கு அதைவிட 1.5 சதவீதப் புள்ளிதான் அதிகம். எட்டாண்டுக் கணக்கு 2021இல் வந்தபோது மொத்த வேறுபாடு 2.6 புள்ளியானது. வயதைப் பிரித்துப் பார்த்தால் 50ஐத் தாண்டியவர்களுக்கு 0.2 புள்ளி, 50க்கு உட்பட்டவர்களுக்கு 5.0 புள்ளி. வேறு மரபணுக்கள், வேறு கண்டம், வேறு ஆய்வு வடிவம். ஆனாலும் இளம் பெண்களில் தெரியும் விரிசல் அதே இடத்தில் வருகிறது. இந்த ஒற்றுமைதான் என்னை மிகவும் யோசிக்க வைக்கிறது.

மருத்துவ அளவுகோல்களின்படியே குறைந்த ஆபத்து உள்ளவருக்கு மம்மாபிரிண்ட் செய்வதில் பொருள் இல்லை. மிண்டாக்ட் அவர்களுக்கு நல்ல பலன் எதையும் காட்டவில்லை. 50 வயதைத் தாண்டிய, மருத்துவ ஆபத்து உயர்ந்த பெண்ணுக்கு இது ஆன்கோடைப்புக்கு ஈடாக நிற்கக்கூடிய தெரிவு. சிகிச்சைகளின் பயனையும் செலவையும் மதிப்பிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018இல் ஆன்கோடைப், ப்ரோசிக்னா, எண்டோபிரெடிக்ட் மூன்றையும் பரிந்துரைத்து, செலவுக்குத் தகுந்த பயன் இல்லை என்று மம்மாபிரிண்டை மட்டும் விட்டது. அது அந்நாட்டு விலைகளை வைத்துப் போட்ட கணக்கு என்பதால் நாம் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ப்ரோசிக்னாவும் எண்டோபிரெடிக்டும்

பெரோ குழுவினரின் பிரிவுகளை நேரடியாகத் தொடர்வது ப்ரோசிக்னா. பாம்50 எனப்படும் 50 மரபணுத் தொகுப்பை nCounter என்ற கருவியில் அளந்து, லூமினல் ஏயா பியா என்ற வகையையும், நோய் திரும்பும் ஆபத்துக்கு 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண்ணையும் சேர்த்துத் தருகிறது. எண்டோபிரெடிக்ட் 12 மரபணுக்களை அளக்கிறது. அதோடு கட்டியின் அளவையும் கணுக்களையும் சேர்த்து ஈபிகிளின் என்ற மதிப்பாகத் தருகிறது. தகுந்த கருவி உள்ள மருத்துவமனையிலேயே இரண்டையும் செய்யலாம் என்பது பெரிய வசதி.

மாதவிடாய் நின்ற 774 பெண்களின் மாதிரிகளில் ஆறு முறைகளை ஒப்பிட்டு 2018இல் வெளியான ஆய்வில், நோய் திரும்புவதை முன்கூட்டிச் சொல்வதில் ப்ரோசிக்னாவின் மதிப்பெண்ணும் ஈபிகிளினும் ஆன்கோடைப்பைவிடச் சிறப்பாகச் செயல்பட்டன. ஐந்தாண்டுக்குப் பிந்திய காலத்தில் அந்த வேறுபாடு இன்னும் தெளிவாக இருந்தது. ஆகவே முதல் கேள்விக்கு இவையே கூர்மையானவை என்று சொல்லலாம். ஆனால் இவற்றின் சான்றுகள், முன்பே நடந்துமுடிந்த ஹார்மோன் சிகிச்சை ஆய்வுகளில் சேமித்து வைத்த பிளாக்குகளிலிருந்து வந்தவை. டெய்லர்எக்ஸ் அளவுக்கு இரண்டாவது கேள்விக்கான நேரடிச் சான்று இவற்றுக்கு இல்லை. மாதவிடாய் நின்ற, கணுக்களில் பரவல் இல்லாத பெண்ணுக்குக் குறைந்த ஆபத்து என்று இவை சொன்னால், கீமோ தரக்கூடிய பயனும் மிகச் சிறியதாகவே இருக்க முடியும் என்பதால் அந்தப் பதிலை நம்பிச் செயல்படலாம். நடுவில் விழும் மதிப்பெண்களில்தான் ஆன்கோடைப்பின் மேன்மை தெரிகிறது.

சோதனைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா?

பிரிட்டனின் ஆப்டிமா முன்னோடி ஆய்வு, 302 பெண்களின் கட்டிகளைப் பல சோதனைகளிலும் ஒருசேர இட்டுப் பார்த்தது. எல்லாச் சோதனைகளும் ஒரே பிரிவில் வைத்த கட்டிகள் 39.4 சதவீதம்தான். இதைப் படிக்கும் நோயாளிக்குத் திகைப்பு வருவது இயல்பு. ஆன்கோடைப், மம்மாபிரிண்ட் இரண்டின் மரபணுப் பட்டியல்களையும் அருகருகே வைத்தால் இரண்டிலும் இருப்பது ஒரே ஒரு மரபணுதான் என்ற செய்தியும் சேர்ந்தால் நம்பிக்கையே ஆடிப்போகும்.

இதற்கு விளக்கம் உண்டு. 2011இல் பிரஸ்ஸல்ஸ் ஆய்வாளர்கள் சிலர், மார்பகப் புற்றுநோயின் போக்கைச் சொல்வதாக வெளியாகியிருந்த 47 மரபணுத் தொகுப்புகளை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கிய மரபணுத் தொகுப்புகளோடு ஒப்பிட்டார்கள். நூறு மரபணுக்களுக்கு மேல் உள்ள குருட்டுத் தொகுப்புகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் நோயின் போக்கோடு தொடர்பு காட்டின. உயிரணுப் பெருக்கத்தின் தடயம் அவ்வளவு பரவலாக, அவ்வளவு உரக்க இருக்கிறது. திருவிழாக் கூட்டத்தில் எந்த மூலையில் நின்றாலும் மேளச் சத்தம் காதில் விழுவதைப்போல. ஆகவே வெவ்வேறு மரபணுக்களை அளக்கும் இரண்டு சோதனைகள் ஒரு கூட்டத்தைச் சராசரியாக ஒரே மாதிரி பிரிக்கவும், அதே கூட்டத்தின் ஒரு தனிப் பெண்ணைப் பற்றி மாறுபடவும் முடியும்.

இதிலிருந்து நடைமுறைக்கு இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. நோயின் போக்கோடு தொடர்பு காட்டியது என்பது மட்டும் ஒரு சோதனைக்குத் தகுதியாகாது. அந்தத் தொடர்பு மலிவானது. முதல் சோதனையின் விடை பிடிக்கவில்லை என்று இரண்டாவது சோதனையை அனுப்புவதும் கூடாது. முரண்பட்ட இரண்டு விடைகளை எப்படிச் சேர்த்துப் படிப்பது என்று எந்தக் குலுக்கல் ஆய்வும் சொல்லவில்லை. செலவு இரட்டிப்பாகி, தெளிவு குறைந்துபோகும்.

கேன்அசிஸ்ட் ப்ரெஸ்ட் இந்த வரிசையில் சற்றுத் தனியானது. பெங்களூரின் ஆன்கோஸ்டெம் நிறுவனம் உருவாக்கிய இது ஆர்.என்.ஏ.வை அளப்பதில்லை. ஐந்து புரதங்களை ஐ.எச்.சி. முறையில் அளந்து, கட்டியின் அளவு, கிரேடு, கணுக்களின் நிலை ஆகியவற்றோடு சேர்த்து, இயந்திரக் கற்றல் முறையில் 1 முதல் 100 வரை மதிப்பெண் தருகிறது, 15.5 வரை குறைந்த ஆபத்து. இந்திய நோயாளிகளின் மாதிரிகளிலிருந்தே உருவாக்கப்பட்டதும், வெளிநாட்டுச் சோதனைகளைவிடக் கட்டணம் குறைவாக இருப்பதும் இதன் பலம். சான்றுகள் பின்னோக்கி, அதாவது பழைய நோயாளிகளின் மாதிரிகளை வைத்து, நடத்தப்பட்ட ஆய்வுகளாக இருப்பது பலவீனம். நம் பெண்களின் வயதையும் நோயின் தன்மையையும் கணக்கில் எடுத்த ஒரு சோதனை நம்மிடம் இருக்க வேண்டும் என்று முழு மனதோடு விரும்புகிறேன். டெய்லர்எக்ஸ் போன்ற ஆய்வு ஒன்று அதற்கு நடக்கும்வரை, அதை முதல் கேள்விக்கான கருவியாக மட்டும் கொள்வதே சரி.

யாருக்கு எது?

சோதனையால் மாறப்போகாத முடிவுக்காகப் பணம் செலவிட வேண்டாம் என்பதே நான் முதலில் சொல்வது. 1 செ.மீ. கட்டி, கிரேடு 1, புரோஜெஸ்டிரோன் ஏற்பி மிகுதி, கேஐ-67 5 சதவீதம் என்று வந்த 60 வயதுப் பெண்ணுக்குக் கீமோ தேவைப்படப் போவதில்லை, சோதனையும் வேண்டாம். கிரேடு 3, புரோஜெஸ்டிரோன் ஏற்பி இல்லை, கேஐ-67 50 சதவீதம் என்று வந்தவருக்குச் சோதனை செய்தாலும் பெரும்பாலும் உயர்ந்த மதிப்பெண்ணே வரும். வேறு நோய்களால் கீமோவைத் தாங்க முடியாத உடல்நிலையில் இருப்பவருக்கும், எந்த மதிப்பெண் வந்தாலும் கீமோ எடுத்தே தீருவேன் என்று முடிவெடுத்துவிட்டவருக்கும் சோதனை வேண்டாம்.

மேலே கண்ட 54 வயதுப் பெண்ணைப் போன்றவர்களுக்கே சோதனை உண்மையில் பயன் தருகிறது. முதலில் மகீ மதிப்பு பார்க்கலாம். அது தெளிவாகச் சொல்லவில்லை என்றால், கட்டணம் கட்ட முடியுமானால், நான் முதலிடம் தருவது ஆன்கோடைப்புக்குத்தான். ஒன்று முதல் மூன்று கணுக்களில் பரவல் இருந்து மாதவிடாய் நின்றிருந்தாலும் அதுவே. ப்ரோசிக்னாவோ எண்டோபிரெடிக்டோ அருகில், குறைந்த செலவில் கிடைத்தால் மாதவிடாய் நின்ற பெண் அதைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. அரசு மருத்துவமனையில் கீமோ இலவசமாகவும் சோதனை முழுக் கட்டணத்திலும் இருக்கும் குடும்பத்துக்கு, சோதனையே கீமோவைவிடச் செலவாகிவிடும் நிலையும் உண்டு. அப்போது கவனமாகச் செய்த ஐ.எச்.சி.யையும் இலவசக் கணிப்பான்களையும் வைத்து எடுக்கும் முடிவைக் குறைபாடுள்ளதாக யாரும் கருத வேண்டாம்.

மாதவிடாய் நிற்காத பெண்ணின் நிலை இன்னும் கடினம். கணுக்களில் பரவல் இருந்தால், ஆர்எக்ஸ்பாண்டர் முடிவுக்குப் பிறகு, குறைந்த மதிப்பெண்ணை மட்டும் காட்டிக் கீமோவைத் தவிர்ப்பது கடினம். ஆகவே அவர்களுக்குச் சோதனையின் பயன் குறைவு. கணுக்களில் பரவல் இல்லாமல் மதிப்பெண் 15 வரை இருந்தால் கீமோ இன்றி நிம்மதியாக இருக்கலாம். 16 முதல் 25 வரை வந்தால் எண்ணோடு கட்டியையும் பார்க்க வேண்டும். டெய்லர்எக்ஸ் தரவுகளை வைத்து 2019இல் வெளியான அடுத்த ஆய்வு இதை அழகாகக் காட்டியது. 41 வயதுப் பெண்கள் இருவருக்கும் மதிப்பெண் 19 என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்குக் கட்டி 1.5 செ.மீ., கிரேடு 2. இவருடைய மருத்துவ ஆபத்து குறைவு, கீமோவால் பயன் இருப்பதாகத் தெரியவில்லை. மற்றவருக்குக் கட்டி 2.5 செ.மீ., கிரேடு 3. இவரைப் போன்றவர்களுக்குக் கீமோவால் கிடைத்த பயன் சுமார் 6.5 சதவீதப் புள்ளி.

இந்த இரண்டாவது பெண்ணுக்குக் கிடைக்கும் பயனில் எவ்வளவு கீமோ புற்றுநோய் உயிரணுக்களை நேரடியாகக் கொல்வதால் வருகிறது, எவ்வளவு கீமோ சினைப்பையை முடக்கி மாதவிடாயை நிறுத்துவதால் வருகிறது என்பது இன்னும் பிரித்தறியப்படவில்லை. பின்னதே பெரும் பங்கு என்றால், சினைப்பையின் இயக்கத்தை நிறுத்தும் ஊசியும் ஹார்மோன் மாத்திரையும் சேர்ந்தே அதே பயனைத் தரக்கூடும். அமெரிக்காவில் 2023இல் தொடங்கிய ஆஃப்செட் ஆய்வு இதைத்தான் கேட்கிறது. அதன் விடை வரும்வரை, இந்த நிலையில் உள்ள பெண்ணிடம் கீமோவும் ஊசியும் ஆகிய இரண்டு வழிகளையும், ஒவ்வொன்றுக்கும் உள்ள சான்றின் அளவையும் மருத்துவர் திறந்து சொல்லிவிட்டு, குழந்தை பெறும் விருப்பம் உண்டா என்பதையும் கேட்டறிந்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.